உருளைக்கிழங்கு மகாராணி

என் தம்பி பெண்டாட்டியைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுத வேண்டுமென்றால் எனக்கு வயிறு எரிகிறது. இருந்தாலும் எழுதுகிறேன், அவளைச் சரியாகத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கல்யாணமாகி வந்தபோது மருந்துக் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். போனால் போகிறது என்று, நான் வேலை பார்த்த தாவர ஆய்வுக்கூடத்தில் என்னைப் போலவே தற்காலிக உதவியாளராகச் சேர்த்துவிட்டேன். எனக்கு நானே ஆப்பு வைத்துக்கொண்டேன்.

உருளைக்கிழங்கின் செல்களுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவைப் பிரிப்பது எங்கள் வேலை. கிழங்கைத் தோல் சீவி, குளிர்ந்த சர்க்கரைக் கரைசலில் அரைத்து, துணியில் வடிகட்டி, சென்ட்ரிஃபியூஜில் சுழற்றினால் குழாயின் அடியில் துளி வண்டல் நிற்கும். அதை ஓவியம் தீட்டும் மெல்லிய பிரஷ்ஷால் தடவித் தடவிக் கரைக்க வேண்டும். கொஞ்சம் முரட்டுத்தனம் காட்டினாலும் மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வு கிழிந்துவிடும். அந்தச் சவ்வோ மகா கறார். எதை உள்ளே விடுவது, பதிலுக்கு எதை வெளியே அனுப்புவது என்று அது வைத்ததுதான் சட்டம். ஏடிபி (ADP) என்ற பொருளைச் சேர்த்தால் அதை உள்ளே வாங்கிக்கொண்டு மைட்டோகாண்ட்ரியா மும்முரமாக வேலை செய்யும். ஆக்சிஜன் மளமளவென்று குறையும். அதை அளக்கும் கருவியின் பேனா தாளில் கோட்டைச் சரசரவென்று கீழே இழுக்கும். ஏடிபி தீர்ந்ததும் கோடு சட்டென்று மடங்கிப் படுத்துவிட்டால் சவ்வு முழுசாக இருக்கிறது என்று அர்த்தம்.

என் கோடு ஏனோதானோவென்று வளையும். அவளுடையது முழங்கை மாதிரி மடங்கும். வந்து ஆறே மாதம்! பேராசிரியர் அவளுக்கு 'மகாராணி' என்று பெயரே வைத்துவிட்டார். வீட்டுக்குப் போனால் என்னைப் பெற்ற அம்மாவே, "அவ கைவாகு யாருக்கு வரும்?" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த நிலையில் ஒரே ஒரு நிரந்தர வேலை வந்தது. போட்டி எங்கள் இருவருக்குள்தான். அடுத்த வருடம் எனக்கு வயது வரம்பு தாண்டிவிடும். அவளுக்கு இன்னும் பன்னிரண்டு வருடம் இருந்தது. தேர்வுக் குழுவின் முன்னால் ஆளுக்கொரு முறை பிரித்துக் காட்ட வேண்டும்.

அன்று காலை அவள் கிழங்கு எடுக்கப் போன நேரத்தில், அவள் பிரஷ்ஷைக் கண்ணாடிச் சாமான் கழுவும் சோப்பில் முக்கி உலரவைத்தேன். சோப்பு சவ்வைக் கரைத்துவிடும். அதனாலேயே எங்கள் கூடத்தில் பிரஷ்ஷுக்குச் சோப்பைக் காட்டவே மாட்டோம். ஆமாம், தெரிந்துதான் செய்தேன்.

என் கோடு வழக்கம்போல் சுமாராக வளைந்தது. அவளுடையது தொடக்கத்திலிருந்தே தலைகுப்புற இறங்கியது. ஏடிபி சேர்த்தும் ஒரு மாற்றமும் இல்லை. அவள் முகம் வெளுத்தது. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

"சார், கொஞ்ச நேரம் குடுங்க," என்றாள். "உள் சவ்வு ஒழுகுது. வெளிய தள்ளின புரோட்டான் எல்லாம் கேட்பாரில்லாம திரும்பி உள்ள வருது. அதான் கோடு மடங்கல."

அவள் அரைத்ததையே ஊற்றிச் சுழற்றிய இன்னொரு குழாய் சென்ட்ரிஃபியூஜில் அப்படியே இருந்தது. அதை எடுத்து, பிரஷ்ஷைத் தொடாமல் கையாலேயே மெல்ல அசைத்து வண்டலைக் கரைத்தாள். இந்தத் தடவை கோடு கச்சிதமாக மடங்கியது.

"அப்ப கிழங்குலயும் குத்தமில்ல, அரைச்சதுலயும் குத்தமில்ல. வித்தியாசம் பிரஷ் ஒண்ணுதான் சார்." பிரஷ்ஷைத் தண்ணீரில் போட்டுக் குலுக்கினாள். பொங்கிக்கொண்டு நுரை வந்தது. குழுவில் இருந்தவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள்.

"சோப்பு எப்படிம்மா வந்துச்சு?" என்றார் பேராசிரியர்.

"நான்தான் சார், ஞாபகமில்லாம சோப்புல கழுவிட்டேன்," என்றாள் அவள். என் பக்கம் திரும்பவே இல்லை.

"எங்க கெட்டுச்சுன்னு கண்டுபிடிக்கிற ஆளை விடக் கூடாது," என்றார் அவர். குழுவும் தலையாட்டியது. வேலை அவளுக்கு.

சாயங்காலம் கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவும் தொட்டியருகே என்னிடம் வந்து நின்றாள்.

"அண்ணி, சார் இப்பதான் சொன்னாரு. என் கோடும் மொதல் தடவையே ஒழுங்கா மடங்கியிருந்தா, உங்களுது சுமாரா வளைஞ்சதே போதும்னு, சீனியர்ங்கறதால வேலைய உங்களுக்கே குடுக்கறதாதான் இருந்தாங்களாம்."