மறைய வேண்டாம், அகப்படட்டும்

ஆண்டவருக்கு நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறேன். ஆனால் சகோதரங்களே, முதலில் எனக்கு வந்தது நன்றியல்ல, வயிற்றெரிச்சல்.

போன வருடம் தவக்காலத்தில், இருமலுக்கென்று எடுத்த ஸ்கேனில் என் நுரையீரலில் மிளகளவு கட்டி ஒன்று தெரிந்தது. புற்றுநோயாக இருக்கலாம் என்றார்கள். கொட்டாஞ்சேனையில் எங்கள் பக்கத்து வீட்டு ரெஜினா அக்காவுக்கும் முன்பு இப்படி ஒன்று இருந்தது. எல்லோரும் கூடிச் செபமாலை சொன்னோம். அடுத்த ஸ்கேனில் அது இல்லை! அக்கா கோயிலில் மைக் பிடித்துச் சாட்சி சொன்னார். நானும் கைதட்டினேன்.

எனக்கும் அதே செபமாலை, அதே ஆட்கள். என் கட்டி மட்டும் அசையவில்லை. அக்கா வீட்டுச் சிரிப்பு சுவர் தாண்டிக் கேட்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும். அவரைவிட நான் எந்தப் பூசையைத் தவறவிட்டேன்? அழுதழுது கேட்டேன்.

பொரளை ஆஸ்பத்திரியில் டொக்டர் சொன்னார்: "வெட்டி எடுக்கத்தான் வேணும் அம்மா. ஆனா இது சரியான சின்னன். ஒப்பரேஷன் நேரம் நுரையீரல் சுருங்கினா கைக்கு அம்பிடாது. அம்பிடாட்டிப் பெரிய துண்டா வெட்ட வேண்டி வரும். அதால முதல்ல கட்டிக்குப் பக்கத்தில ஊசியால ஒரு ஜெல் போடுவம். அது உள்ள இறுகி நிக்கும். அதை வச்சுக் கண்டுபிடிக்கலாம்."

அன்று மாலை, அக்கம்பக்கத்தார் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டத்தில் ரெஜினா அக்கா கைகளை விரித்து, "ஆண்டவரே, இதையும் மறையச் செய்யும்!" என்று தொடங்கினார். எனக்குப் பதறிவிட்டது.

"ஐயோ அக்கா, மறையச் சொல்லிக் கேளாதீங்கோ! அம்பிடச் சொல்லிக் கேளுங்கோ!"

வீடே சிரித்தது. பூட்டின் திறப்புத் தொலைந்தாலே, தேடித் தரும் புனித அந்தோனியாரிடம் ஓடுகிறவர்கள் நாங்கள். இதற்கு அவரை நினைக்கவில்லையே! அவருக்குரிய செவ்வாய்க்கிழமையே கோயிலுக்குப் போய் அவர் காலைப் பிடித்தேன்.

ஜெல் நின்ற இடத்திலேயே கட்டி அகப்பட்டது. சின்னத் துண்டோடு போயிற்று. புற்றுநோய்தான். முளையிலேயே கிள்ளிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு ரெஜினா அக்கா சூப் கொண்டு வந்தார். என் தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன்ரய எடுத்துக் கண்ணால கண்டிட்டாங்கள். என்ர எங்க போச்செண்டே தெரியாது பிள்ளை. ஒவ்வொரு இருமலுக்கும் நெஞ்சு பதறுது. உன்னைப் பார்க்கப் பொறாமையாக் கிடக்கு."

என்னைப் பார்த்தா! அக்காவைக் கட்டிப்பிடித்து அழுதேன்.

சகோதரங்களே, பக்கத்து வீட்டுக்குக் கிடைத்ததையே கேட்டு நிற்காதீர்கள். உங்களுக்கு வேண்டியதைக் கேளுங்கள், ஆண்டவர் தருவார். இப்போது செவ்வாய்க்கிழமைகளில் நாங்கள் இருவரும் ஒன்றாகப் போகிறோம். அக்கா வாங்கும் மெழுகுதிரி என்னுடையதைவிடக் கொஞ்சம் பெரியது. இருக்கட்டும்.