கை நனைத்த வீடு

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம். கோவை கணபதியில் நான் லேத் ஓட்டிய பட்டறைக்கு ஒரு வாரம் லீவு விட்டார்கள். அதற்கு நான்கு நாள் முன்புதான் என் தங்கையிடமிருந்து இன்லண்ட் கடிதம் வந்திருந்தது. கோபிசெட்டிபாளையத்துக்கு அப்பால் ஒரு வாய்க்கால் கரை ஊரில் அவளைக் கட்டிக்கொடுத்து மூன்று வருடம் ஆகியிருந்தது. எருமை கன்று போட்டிருக்கிறது, வாழை நன்றாக வந்திருக்கிறது என்று எழுதிக்கொண்டே வந்தவள், மடிக்கிற ஓரத்தில் பொடி எழுத்தில், 'அடி தாங்க முடியலைங்ணா, வந்து கூட்டிட்டுப் போங்க' என்று முடித்திருந்தாள்.

அப்பா இல்லாத வீடு. பெரியவர்களைத் திரட்டிக்கொண்டு போய் இறங்கினால் விஷயம் முன்பே தெரிந்துவிடும், அவளுக்குத்தான் இன்னும் நாலு விழும். அதனால் பட்டறைக் கூட்டாளி ஒருவனைச் சேர்த்துக்கொண்டேன். லீவுக்குச் சொந்தபந்தங்களைப் பார்க்கச் சைக்கிளில் சுற்றுகிறோம் என்று போவது. அவள் துணிப்பெட்டி அவன் சைக்கிளில், அவள் என் சைக்கிளில், கோபி பஸ் நிலையம் வரைக்கும். பிறகு சைக்கிள்களைப் பஸ் மேலே ஏற்றிக்கொண்டு ஊர் திரும்புவது. கேரியர் கம்பி அவளைக் குத்தாமலிருக்க ஒரு சாக்கை நாலாக மடித்துக் கட்டினேன்.

கிளம்பும்போது அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "பேச்சு முடியற வரைக்கும் அந்த ஊட்டுல கை நனைக்காத கண்ணு. பச்சத் தண்ணிகூட வேண்டாம்."

எங்கள் பக்கத்தில் அது பெரிய சங்கதி. மனக்குறையோடு வந்தவன் அந்த வீட்டில் எதையும் வாயில் வைக்காமல் நின்றால், வீட்டுக்காரர்கள் காரணத்தைக் கேட்டே ஆகவேண்டும். சாப்பிட்டுவிட்டால் குறையில்லை என்று ஒப்புக்கொண்ட மாதிரி. பிறகு வாய் திறந்தால் தின்ற சோற்றுக்குத் துரோகம் என்பார்கள்.

அன்னூரில் என் பெரியம்மா வீட்டில் சாப்பிட்டோம். புளியம்பட்டியில் கூட்டாளியின் மாமா வீட்டில் தங்கினோம். மறுநாள் விடிந்ததும் மிதிக்கத் தொடங்கி, நம்பியூர் தாண்டியதும் வெயில் மண்டையைப் பிளந்தது. கொண்டுபோன தண்ணீர் தீர்ந்துவிட்டது. வழியில் ஒரு கடையில் சோடா குடிக்கலாம் என்றான் அவன். நேரமாகிறது, மிதிடா என்று அவனை அதட்டினேன். என் அவசரத்தை இன்றைக்கு நினைத்தாலும் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

உச்சி வேளைக்குப் போய்ச் சேர்ந்தோம். தங்கையின் மாமியார் வாசலுக்கே வந்து வாங்க வாங்க என்று கட்டிலைப் போட்டார். வெயிலில் வந்த பிள்ளைகளுக்கு மோர் கொண்டுவரும்படி உள்ளே பார்த்துச் சொன்னார். கொண்டுவந்தது என் தங்கை. அந்தப் புழுக்கத்திலும் முழங்கை தாண்டிக் கை வைத்த ரவிக்கை போட்டிருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள்.

டம்ளரை நீட்டினாள். நான் பிடித்தேன். அவள் விடவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு இறுக்கிப் பிடித்திருந்தாள். அம்மா என்ன சொல்லி அனுப்பியிருப்பாள் என்று அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? எனக்கும் அந்த நேரத்தில் புரியாமல் இல்லை. ஆனால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. வெறும் மோர்தானே, சோறு வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு டம்ளரை வெடுக்கென்று இழுத்துக் குடித்தேன். அவள் காலி டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மோர் குடித்தவன் சோற்றை எப்படி மறுப்பது? கோழி அடித்தார்கள். தங்கையின் புருஷன் பக்கத்தில் நின்று, இன்னும் ரெண்டு துண்டு வெச்சுக்குங்க மச்சான் என்று தானே பரிமாறினான். அடிக்கிற கை அது என்று தெரிந்துதான் தின்றேன். கை கழுவிய பிறகு, தங்கச்சியைப் பத்து நாள் கூட்டிப்போகலாம் என்று வந்தோம் என இழுத்தேன். மாமியார் சிரித்த முகத்தோடு பதில் சொன்னார்.

"அதுக்கென்னுங்க தம்பி, ஆடிப் பதினெட்டு நோம்பிக்கு மொறையா வந்து கூட்டிட்டுப் போங்க. சைக்கிள்ல கட்டிட்டுப் போறதுக்கு அவ என்னுங்க மூட்டையா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வெட்கங்கெட்டவன்.

வழியனுப்ப வாசலுக்கு வந்தவள் கேரியரில் கட்டியிருந்த சாக்கை ஒரு முறை கையால் அழுத்திப் பார்த்தாள். "மெத்துனு இருக்குதுங்ணா" என்றாள். ஆடிக்கு வந்துவிடுகிறேன் என்றேன்.

அம்மாவிடம், எவ்வளவோ பேசியும் ஆடிக்குத்தான் அனுப்புவோம் என்று சொல்லிவிட்டார்கள் என்று பொய் சொன்னேன். சாப்பிட்டதைச் சொல்லவில்லை. கூட்டாளியும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

ஆடி பிறந்த ஐந்தாம் நாள் ஆள் வந்து இழவு சொன்னான். வயிற்றுவலி என்றார்கள். அவளுக்கு வயிற்றுவலி என்று அதற்கு முன் நாங்கள் யாரும் கேள்விப்பட்டதில்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போனேன். தங்கையை வாசலில் கிடத்தியிருந்தார்கள். அம்மா அவள் ரவிக்கையின் கையை மேலே தள்ளிப் பார்த்துவிட்டு, எம் புள்ளைய என்ன செஞ்சீங்க என்று ஊரார் முன்னால் கேட்டாள். கூட்டம் மாமியாரைப் பார்த்தது.

மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் கை நீட்டினார். "இவரையே கேளுங்க. சித்திரைல வந்து நம்ம ஊட்டுல வயிறாரச் சாப்புட்டுப் போனாருங்க. ஒரு வார்த்தை கொறை சொல்லலைங்க."

கூட்டத்தில் நாலு பேர் தலையாட்டினார்கள். அம்மா மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"சாப்புட்டியா கண்ணு?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.