அப்பாவின் காதில் ஓடிய மோட்டார்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அப்பா எங்களை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு ஆகிறது. முதல் பக்கத்தில் அவர் படம் இருக்கிறது, அடுத்த பக்கத்தில் அவர் பெருமைகளை எழுதிக் கொடு என்று அம்மா கேட்டார். எழுதுகிறேன். அதற்கு முன் ஒரு பொய்யைத் திருத்தியாக வேண்டும். கடைசிக் காலத்தில் அப்பாவுக்கு மனநிலை சரியில்லாமல் போய்விட்டது என்று உங்களில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். பார்க்க வந்தபோது குரலைத் தாழ்த்திக்கொண்டு என்னிடம் விசாரித்தீர்கள். அப்படி ஊரெல்லாம் சொல்லி வைத்தது நான்தான். அது உண்மையில்லை.

அப்பா செய்யாற்றுக்குப் பக்கத்துக் கிராமமொன்றில் பிறந்தவர். ஐந்து பேரில் மூத்தவர். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வந்து, தகடு அடிக்கும் பவர் பிரஸ் முன்னால் நாற்பத்தோரு ஆண்டுகள் நின்றார். அந்தக் கூடத்தில் பக்கத்து ஆளிடம் பேச வேண்டுமென்றால் காதோடு வாய் வைத்துக் கத்த வேண்டுமாம். தம்பி தங்கைகளின் கல்யாணங்களும் என் பொறியியல் படிப்பும் அந்த இரைச்சலில்தான் நடந்தன. அப்படிப்பட்ட இடத்தில் இருந்துவிட்டு வந்தவர் வீட்டில் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. பேருந்தில் இடம் கிடைத்தால் இரண்டு நிறுத்தம் உட்கார்ந்துவிட்டு யாருக்காவது எழுந்து கொடுத்துவிடுவார். கூடப் போகிற எங்களுக்கு எரிச்சலாக இருக்கும்.

அவர் ஓய்வு பெற்றதும் திருவேற்காட்டில் நான் வாங்கிய ஃபிளாட்டுக்கு அவரையும் அம்மாவையும் அழைத்து வந்தேன். உள்ளடங்கிய தெரு, ஊசி விழுந்தால் கேட்கும், நிம்மதியாக இருங்கள் என்று பெருமையடித்துக்கொண்டேன். வந்த மூன்றாவது மாதம் ஆரம்பித்தது.

"டேய், எங்கயோ மோட்டார் ஓடிக்கினே இருக்குடா. தொட்டி ரொம்பி வழியப் போவுது, போய்ப் பாரு."

கீழே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "எந்த மோட்டாரும் ஓடலப்பா" என்றேன்.

"உனக்குக் கேக்கலயா?"

"கேக்கல."

மறுநாளும் கேட்டார். அதற்கு மறுநாளும். "கேக்கல" என்று சொல்லத் தெரிந்த எனக்கு, "எப்படிக் கேக்குதுப்பா, எந்தக் காதுல?" என்று ஒருமுறை கேட்கத் தோன்றவில்லை. அவர் தானே இறங்கிப் போய் மோட்டார் சுவிட்சுகளை அணைக்க ஆரம்பித்தார். உண்மையிலேயே ஓடிக்கொண்டிருந்ததையும் சேர்த்து அணைத்துவிட்டார். ஒரு திங்கட்கிழமை காலை மேல்தொட்டி காலி. மூன்றாம் மாடிக்காரர் தலையெல்லாம் சோப்பு நுரையோடு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"சார், உங்கப்பா மறுபடியும் ஆஃப் பண்ணிட்டாரு. நான் இப்படியே ஆபீஸ் போகட்டுமா?"

எனக்கு மானம் போயிற்று. வீட்டிலிருந்தே வேலை செய்யும் நாள் அது. அடுத்த அலுவலக அழைப்புக்குப் பத்து நிமிடம் இருந்தது. குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் அவசரமாகத் தட்டினேன்: "என் தந்தைக்குச் சில மாதங்களாக மனநிலை சரியில்லை. அனைவரும் பொறுத்தருள வேண்டுகிறேன்." கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்தன. அவற்றுக்குக் கீழே ஒரு வரி வந்தது. அப்பா குழுவிலிருந்து வெளியேறிவிட்டார் என்று.

குடிவந்த புதிதில் அவரை அதில் சேர்த்துவிட்டவனே நான்தான். சுத்தமாக மறந்து போயிருந்தேன். அடுத்த அறையில்தான் இருந்தார், எழுந்து போனால் நாலு எட்டு. போகவில்லை. பேச்சு வளர்ந்தால் அழைப்புக்குத் தாமதமாகிவிடும் என்று தோன்றியது. இதை அச்சில் எழுதவே கூசுகிறது. மதியம் அவர் வழக்கம்போல் ரசம் சாதம் சாப்பிட்டார், இன்னொரு அப்பளம் கேட்டார். அந்த மட்டும் தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனேன். மறுபேச்சில்லாமல் வந்தார். மருத்துவர் அவரிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் நானே முந்திக்கொண்டு பதில் சொன்னேன். அப்பா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாத்திரையில் பகலெல்லாம் தூங்கினார், நடந்தால் தள்ளாடினார். இரண்டாம் மாதம் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "நின்னுடுச்சுப்பா. இப்ப ஒன்னும் கேக்கல" என்றார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. சொந்தக்காரர்களுக்கெல்லாம் நானே போன் போட்டுக் குணமாகிவிட்டது என்று சொன்னேன். மாத்திரையும் நின்றது.

அதன் பிறகு தினமும் பதினோரு மணிக்கு "கோயிலுக்குப் போயிட்டு வரேன்" என்று கிளம்புவார். ஒன்றரைக்குத் திரும்புவார். புருவத்திலும் தோளிலும் வெள்ளையாகத் தூள் ஒட்டியிருக்கும். "என்னங்க, திருநீறை அள்ளி மேலெல்லாம் கொட்டிக்கினு வர்றீங்க?" என்று அம்மா கிண்டல் செய்வார். அப்பா சிரிப்பார். பண்டிகைக்குக்கூட கோயில் பக்கம் போகாதவருக்கு பக்தி வந்து மனமும் தெளிந்துவிட்டது என்று நாங்கள் நம்பினோம். இரண்டு வருடம் இப்படிப் போயிற்று. பிறகு நுரையீரலில் சளி கட்டி, ஒன்பது நாள் மருத்துவமனையில் இருந்து, அங்கேயே போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு எங்களுக்குத் தெரியாத ஒரு பெண்மணி வந்தார். பழைய ஊர்த் தெருவில் மாவு மிஷின் வைத்திருக்கும் அம்சா அக்கா. படத்தைக் கும்பிட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

"நீதான் அவரு புள்ளயா? தெனமும் பதினோரு மணிக்கு நம்ம மிஷினாண்ட வந்து குந்திக்குவாரு. இருவது நாளுக்கு மேல காணமேன்னு விசாரிச்சேன். இப்டின்னாங்க."

"எங்க அப்பாவா? மிஷின்கிட்டயா? எதுக்கு?"

"காதுல இன்னாமோ மோட்டாரு ஓடுற மாரி ஓடிகினே கீதாம். நம்ம மிஷின் ஓடுனா அது கேக்கலயாம். 'இங்கதாம்மா எனக்கு நிம்மதியா கீது'ம்பாரு. ஒரு ஸ்டூலு போட்டுக் குடுத்தேன். அரைக்க ஆளு வரலன்னா அவரு மொகம் சுருங்கிப் பூடும். வெறும் மிஷின ஓட்டுனா கல்லு தேஞ்சுடும், ஆனாலும் அவருக்கோசரம் கொஞ்ச நேரம் ஓட்டுவேன்."

"எங்ககிட்ட அவர் ஒரு வார்த்தை சொல்லலையே."

"ஊட்ல சொல்லிடாதம்மா, நின்னுபோச்சுன்னு சொல்லி வச்சிகீறேன், புள்ள நிம்மதியா கீறான்னாரு."

பந்தியில் இலை போட்டுவிட்டார்கள் என்று யாரோ வந்து கூப்பிட்டார்கள்.

பிறகு ஒரு காது மருத்துவரிடம் போய்க் கேட்டேன். பல காலம் பேரிரைச்சலில் வேலை செய்தவர்களுக்குக் காதுக்குள்ளேயே இப்படி ஒலி எழுவதுண்டு, வெளியே சத்தம் இருந்தால் அது அமுங்கியிருக்கும், அமைதியில்தான் பாடாய்ப் படுத்தும் என்றார். "முழுசா போகாது, ஆனா தாங்கிக்க வழி இருக்கு. கூட்டிட்டு வந்திருக்கலாமே" என்றும் சொன்னார். என் அப்பாவுக்குப் புத்தி கடைசிவரை தெளிவாக இருந்தது. காதில் நோவு இருந்தது. நான் நம்பமாட்டேன் என்று தெரிந்ததும் அதைத் தனியாகச் சுமந்தார். எங்கள் குடியிருப்பின் ஒவ்வொரு வீட்டுக்கும் இந்த மலரை நானே நேரில் கொண்டுவந்து கொடுக்கிறேன். இந்தப் பத்தியை மட்டுமாவது படியுங்கள்.

துக்க நாட்களில் எங்களுக்குச் சோறு கொண்டுவந்து கொடுத்த அண்டைவீட்டாருக்கும், செய்யாற்றிலிருந்து இரவோடு இரவாக வந்து சேர்ந்த சித்தப்பாக்களுக்கும் அத்தைகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அம்சா அக்காவுக்கு நன்றி என்ற சொல் போதாது. நான் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டவர் அவர்.

இன்னும் ஒருவர் இருக்கிறார், மருத்துவமனையில் அப்பாவைக் கவனித்துக்கொண்ட இளம் செவிலியர். அப்பாவின் அறைக் கதவை அவர் திறந்து திறந்து வைப்பார். வெளியே தள்ளுவண்டி உருளும் சத்தமும் ஆட்களின் பேச்சும் உள்ளே வரும். நான் போய்ப் போய் மூடுவேன். மூன்றாம் நாள் எல்லோர் முன்னிலும் அவரைத் திட்டினேன். "நோயாளி தூங்க வேணாமா? கொஞ்சமாவது பொறுப்பு இருக்கா உங்களுக்கு?" என்றேன். "சாரி சார்" என்று போய்விட்டார். போன மாதம் அவரைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். அன்று ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்றும் கேட்டேன்.

"ஐயாதான் சார் கதவத் தொறந்து வையின்னு கேட்டாரு. பையன் வந்து மூடினா மூடட்டும், அவன்கிட்ட எதுவும் சொல்லாதம்மான்னும் சொல்லிட்டாரு."

அப்பாவின் உயிர் பிரிந்தது ஒரு பிற்பகலில். அறை மிகவும் அமைதியாக இருந்தது. அதற்குச் சற்று முன்புதான் நான் கதவைச் சாத்தியிருந்தேன்.