கேரட் சக்கையில் ஒரு கேக்

எங்கள் பெரிய மாமா கேரட்டைப் பிழிந்து சாற்றைத் தான் குடித்துக்கொண்டு, சக்கையில் எனக்கு கேக் செய்து கொடுத்தார். அதில் எனக்கு வருத்தமே இல்லை. ருசியெல்லாம் சக்கையில்தான் தங்கிவிடுகிறது என்று நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

மாமா அம்மாவுக்கு அண்ணன். பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். காரைக்காலில் அப்படிப்பட்டவர்களை சொல்தா என்பார்கள். நான் நான்காம் வகுப்பு படித்த வருடம், அத்தையையும் மகளையும் பிரான்ஸிலேயே விட்டுவிட்டு அவர் மட்டும் வந்து, எங்கள் தெருக்கோடியில் வீடு எடுத்துக்கொண்டார். மாமாவுக்கு அந்த ஊர்க் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மா சொன்னாள். நானும் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

அவர் கொண்டுவந்த சாமான்களில் ஒரு ஜூஸ் மெஷின் இருந்தது. சுவிட்சைப் போட்டால் கூடத்து பல்பு மங்கும். ஒரு பக்கம் சாறு ஒழுகும், மறுபக்கம் ஈரச் சக்கை குவியும். ஞாயிற்றுக்கிழமை சந்தையில் கேரட் வாங்கி வந்ததும் என்னைக் கூப்பிட்டனுப்புவார்.

"சக்கையை மாட்டுக்கு வைப்பாங்க. எங்க அண்ணன் கேக்குல போடுறாங்க" என்று அம்மா அடுத்த வீட்டில் சொல்லிச் சிரிப்பாள்.

அலுமினிய டேக்சாவில் மணல் பரப்பி, மாவு ஊற்றிய கிண்ணத்தை உள்ளே இறக்கி, மூடியின் மேலும் தணலை வாரிப் போடுவார். அதுவரை சமையற்கட்டுப் பக்கமே போகாத மனிதர். முதலில் செய்தவை அடி கருகி நடுவில் மாவாக இருந்தன. அப்புறம் செய்தவை வறண்டு தொண்டையை அடைத்தன. எனக்கு எல்லாமே பிடித்தது. அவருக்குத்தான் எதுவும் பிடிக்கவில்லை. ஒரு துண்டை வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு மெல்லுவார்.

"இது இல்ல பாப்பா."

"நல்லாத்தானே மாமா இருக்கு?"

"நல்லாருக்கு. ஆனா இது இல்ல."

பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சக்கையில் கொஞ்சம் சாற்றையும் திரும்ப ஊற்றிப் பிசைந்தார். சாத்துக்குடித் தோலைத் துருவிப் போட்டார். இறக்கியபோது கேக் விரலால் அழுத்தினால் அமுங்கி மெல்ல எழுந்தது. உள்ளே ஈரமாக, மெத்தென்று இருந்தது. ஒரு வாய் தின்ற மாமா மெல்லுவதை நிறுத்தினார். எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார். காத்திருந்து பார்த்துவிட்டு மீதியில் பாதியை நான் தின்று தீர்த்தேன்.

மாங்கனித் திருவிழா முடிந்த சமயம் அவர் மகள் விடுமுறைக்கு வந்தாள். என்னைவிடப் பெரியவள். தமிழை ஒவ்வொரு சொல்லாக யோசித்து எடுத்து வைப்பாள். வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை மாமா கேக் தட்டை அவள் முன் வைத்துவிட்டு, உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார்.

அவள் தின்று பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "இது அம்மா கேக்."

"அதேதானா?"

"அதேதான் அப்பா. யாரு சொல்லிக்குடுத்தாங்க?"

"யாரும் இல்ல. நானா செஞ்சு பார்த்தேன்." தட்டை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, "அம்மா இப்பவும் செய்றாங்களா?" என்று கேட்டார்.

"இல்ல." அவள் மெஷினைக் காட்டினாள். "அது இங்க இருக்கே."

"வேற வாங்கலையா?"

"நான் கேட்டேன். வேணாம்னு சொல்லிட்டாங்க."

மாமா துணியை எடுத்து மெஷினைத் துடைக்க ஆரம்பித்தார். அது ஏற்கெனவே துடைத்து வைத்திருந்த மெஷின்.

அவள் புறப்பட்ட அன்று மாமா, எங்கள் அம்மா கொடுத்த முறுக்கையும் அப்பளத்தையும் பெட்டியிலிருந்து எடுத்து வெளியே வைத்தார். மெஷினைப் பாகம் பாகமாகக் கழற்றி, தன் வேட்டிகளில் சுற்றி உள்ளே அடுக்கினார். அம்மா கோபித்துக்கொள்ளவே இல்லை. எனக்குத்தான் அழுகையாக வந்தது.

"அங்க கடையில கிடைக்காதா மாமா?"

"கிடைக்கும் பாப்பா."

"அப்புறம் ஏன் குடுத்தனுப்புறீங்க?"

பெட்டியின் வாரை இழுத்து மாட்டிவிட்டுச் சொன்னார். "நான் கொண்டாந்திருக்கவே கூடாது."

அதன் பிறகு மாமா வீட்டில் கேக் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பேக்கரியில் வாங்கி வைத்திருந்து கொடுப்பார். அதில் ஒரு வாசனையும் இருக்காது. தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்குச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் வந்து நிற்பார். சைக்கிள் நிற்காமல் போனாலும் அது தெரு திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். அத்தையிடமிருந்து ஏதாவது வந்ததாக எனக்கு நினைவில்லை.

பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் நானும் போய் அவர் பக்கத்தில் நிற்பேன். மெஷினைக் கொடுத்துவிட்டாரே, பதிலுக்கு அத்தை புதிதாக ஒன்று பார்சலில் அனுப்புவார்கள், அதற்குத்தான் மாமா காத்திருக்கிறார் என்பது என் எண்ணம்.

"பெருசா இருக்குமா மாமா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எது?"

"வரப்போறது."

மாமா தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். "சின்னதா வந்தாக்கூடப் போதும் பாப்பா" என்றார்.

சின்ன மெஷினில் எத்தனை கேரட் பிழிய முடியும் என்று எனக்குக் கவலையாகிவிட்டது.