ஏசுவடியான் மாஸ்டர் இரண்டாம் முறை ஏறிய நாள்

சென்ற மாதம் குழித்துறையிலிருந்து வந்த கார்டில் மூன்றே வரிகள் இருந்தன. நம் பள்ளியின் டிரில் மாஸ்டர் ஏசுவடியான் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார், அடக்கம் முடிந்தது, எட்டாம் நாள் ஜெபம் வீட்டில் நடக்கும். அவரை அறிந்த பழைய மாணவர்களான உங்களுக்கு எழுத வேண்டும் என்று அன்றே உட்கார்ந்தேன். கணக்கு வாத்தியாராக இருந்த பழக்கத்தில் முதலில் ஒரு வரிசை போட்டேன்.

1. மாஸ்டர் வேலை செய்த விதம்.
2. மண்டபத்தில் நான் அவரைப் படம் எடுத்த நாள்.
3. அன்று நான் செய்த தவறும் சொன்ன பொய்யும்.
4. உண்மை அவருக்குக் கடைசிவரை தெரியாமலே போனது.

மழைக்காலம் வந்தால் மைதானத்திலிருந்த, கைகளை ஊன்றிப் பயிற்சி செய்யும் இரட்டைக் கம்பு ஜெப மண்டபத்துக்குள் வரும். பெஞ்சுகளைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு மாஸ்டர் பிள்ளைகளை அதில் ஏற்றுவார். பயந்து நடுங்குகிறவனிடம், "காலை நீட்டுலே மக்கா, கீழ ஒண்ணும் ஆறு ஓடல்ல" என்பார். சிரித்துக்கொண்டே அவன் கால் நீட்டிவிடுவான். தலைகீழாக நிற்பதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. அசையாமல் நிற்பதுதான் அந்தப் பெருமை. உயரே போவது எல்லோருக்கும் வரும் என்பார்.

கொல்லம் ஆண்டு ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பதில், அதாவது 1924இல், வந்த பெருவெள்ளத்துக்கு மறு மழைக்காலம். உடற்பயிற்சிக்குத் தனிக் கொட்டகை கட்ட உதவி கேட்டுச் சீமைக்கு எழுதவிருந்த, பள்ளியை நடத்திய மிஷன் துரை, கடிதத்தோடு வைக்க ஒரு படம் கேட்டார். பள்ளியில் கேமரா வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். மண்டபத்தில் ஜன்னல்கள் சிறியவை. வெளியே வானம் இருண்டிருந்தது. வெளிச்சத்துக்கு மக்னீசியப் பொடி கொளுத்தலாம் என்றேன். ஓலைக் கூரை என்பதால் துரை மறுத்துவிட்டார். அப்படியானால் கேமராக் கண்ணாடியின் மூடியைக் கழற்றி எட்டு எண்ணும்வரை மாஸ்டர் தலைகீழாக அசையாமல் நிற்க வேண்டும்.

"இந்த வெளிச்சத்துல எனக்க பெண்டாட்டிக்கே என்னைத் தெரியாது சாரே, உமக்க பெட்டிக்கா தெரியப்போவுது?" என்று கேட்டுவிட்டு ஏறினார். ஐந்தாம் பார வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் சுவரோரம் நின்றார்கள். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தேன், படம் பதியும் தகடு இருந்த சட்டத்தைப் பொருத்தினேன், மூடியைக் கழற்றினேன், எட்டு எண்ணினேன். அவர் கல்தூண் போல நின்றார். மூடியைப் போட்டபின்தான் கண்டேன். தகட்டை மறைக்கும் பலகையை நான் மேலே இழுக்கவே இல்லை. இழுத்திருந்தால் பெட்டிக்கு மேலே ஒரு சாண் நீளம் துருத்திக்கொண்டு நின்றிருக்கும். அவர் நின்ற எட்டும் வீண்.

மறந்துவிட்டேன் என்று சொல்ல ஒரு நொடி போதும். எதையும் இரண்டு தடவை சரிபார்க்கிறவன் என்று பெயர் எடுத்தவன் நான். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "மாஸ்டர் கொஞ்சம் அசைந்துவிட்டார், இன்னொரு தடவை எடுக்க வேண்டும்" என்றேன். ஒருவன் சிரித்தான். மாஸ்டர் என்னைப் பார்த்தார். கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "சாரு சொன்னா நிக்கலாம்" என்று மட்டும் சொல்லி மறுபடி ஏறினார்.

இந்த முறை பலகையை இழுத்தேன். ஆறு எண்ணும்போது அவருடைய வலது கை மழை ஈரம் ஏறிய கம்பில் வழுக்கியது.

முழங்கை முறிந்தது. மிஷன் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். எலும்பு கூடியது, கை நேராகவில்லை. நடந்ததை எழுதித் தரும்படி துரை என்னிடம் கேட்டார். முதல் தடவையே மாஸ்டர் நிலையில்லாமல் அசைந்தார் என்று எழுதிக் கொடுத்தேன். அதை நம்பி, இவருக்கு இனி உடம்பு தாங்காது என்று டிரில் வேலையை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். மாஸ்டருக்கு வாசகசாலைச் சாவி கிடைத்தது. ஒன்பது வருஷம் அவர் புத்தகங்களுக்குத் தூசி தட்டினார். சாயங்காலம் இருவரும் ஒரே வழியில்தான் வீடு திரும்புவோம். அந்த நாளைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

இவ்வளவும் எழுதியபின் எட்டாம் நாள் ஜெபத்துக்குப் போனேன். எல்லோரும் கலைந்ததும் அவருடைய மனைவி ரூத்தம்மா கட்டன்சாயா கொண்டுவந்து வைத்தார். அன்று தவறு என்னுடையது என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"அவிய ஆஸ்பத்திரியில வச்சே எனக்கிட்ட பறஞ்சாவ சாரே. தலைகீழா நிண்ணப்ப பெட்டிக்க மேல பலகையக் காணல்லியாம். பிள்ளைய முன்னால சாரு கூசி நிண்ணாரு, அதனால ஒண்ணும் பறையாம ஏறினேன்னு சொன்னாவ."

துரையிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நானும் கேட்டேன். சாரு தானே வந்து பறைவாரு, கொஞ்சம் பொறுன்னாவ. பிறகு நான் கேக்கதை விட்டுட்டேன். அவிய விடல்ல. சாயங்காலம் சாருகூட நடந்து வந்தா, 'இண்ணைக்கும் அவரு பறையல்ல'ம்பாவ."

மேலே நான்காவதாக எழுதியது தவறு. அதை அடித்துவிட்டு வேறு எழுதலாம். இந்தத் தாளிலும் ஒன்றை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. அவருக்குத் தெரியும். தெரிந்துதான் இரண்டாம் முறை ஏறினார். தெரிந்துதான் ஒன்பது வருஷம், பள்ளி வாசலிலிருந்து அவர் வீட்டுத் திருப்பம்வரை, நான் வாய் திறப்பேன் என்று என் பக்கத்தில் மெல்ல நடந்தார். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த நடைதான்.