பழைய ரௌட்டரும் முன்வீட்டுச் சாவியும்

கும்மிடிப்பூண்டி உருக்காலையின் கேட்டைத் தாண்டி நூறு அடி நடந்திருப்பேன். பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். நான் திரும்பவில்லை. வேலையை விட்டுப் போகிறவனைப் பின்னாலிருந்து கூப்பிட்டு யாரும் நல்ல செய்தி சொன்னதில்லை. ஆனால் மூச்சிரைக்க ஓடிவந்து என் தோளைப் பிடித்தவன் அறைக்கூட்டாளியான ஒடிசாக்காரன். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் எங்கள் அறை ஜன்னலில் கட்டியிருந்த பழைய ரௌட்டர்.

"அக்காக்கு வேணும் சொன்னே. மறந்து போறே நீ," என்றான். "எடு. நமக்கு ஸ்க்ராப்ல வேற வரும்."

அது உண்மையில் ஸ்க்ராப்பில் வந்ததுதான். உலைக்குப் போகும் பழைய இரும்போடு பிளாஸ்டிக்கும் கலந்து வரும். அதைப் பொறுக்கி வெளியே எறிவது எங்கள் வேலை. அப்படி எறிந்த ஒன்றை அவன் துடைத்து எடுத்துவந்து, கேன்டீன் வை-ஃபையைப் பிடித்து, அறையிலிருந்த பழைய கம்ப்யூட்டருக்கு வயர் வழியாகக் கொடுக்கும்படி மாற்றியிருந்தான். அவன் அதைச் செய்யும்போது இரண்டு முறை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். நான் எட்டாவதோடு நின்றவன், இங்கிலீஷை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் எந்தத் திரையில் எங்கே அழுத்தினான் என்பது அப்படியே ஞாபகம் இருந்தது.

உலைச் சூட்டில் முதுகெல்லாம் கொப்புளம், அதனால்தான் வேலையை விட்டேன். அது இல்லாவிட்டாலும் வேறு ஏதாவது சொல்லிக்கொண்டு கிளம்பியிருப்பேன். ஓர் இடத்தில் இரண்டு மாதம் தாண்டினால் எனக்குக் கால் நிற்காது. பொன்னேரி வயல்களையும் திருநின்றவூர் அடுக்குமாடிகளையும் ரயில் ஜன்னலில் பார்த்துக்கொண்டு, சென்னையில் வண்டி மாறி, மத்தியானம் திருவள்ளூரில் இறங்கினேன்.

அக்கா அங்கே கோயில் வேலை செய்யும் ஒரு ஐயங்கார் வீட்டின் பின்பக்கம், முன்பு மாட்டுக்கொட்டகையாக இருந்த ஷீட் போட்ட அறையில் மூன்று வருடமாகக் குடியிருந்தாள். மாமா இறந்தபிறகு காக்களூரில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. நின்றுகொண்டே செய்யும் வேலை. பெட்டியோடு விழுந்து இடுப்பு போனதும் அதுவும் போய்விட்டது. அவளிடம் மிச்சமிருந்தது, கல்யாணத்துக்கு முன்பு பாஸ் செய்த தமிழ் டைப்ரைட்டிங் ஹையர். வீட்டிலிருந்தே தமிழில் டைப் அடிக்க ஆள் வேண்டும் என்று ஓர் ஆபீஸ் கேட்டிருந்தது. காலை பத்து மணிக்குக் கம்ப்யூட்டரில் ஒரு மணி நேர டெஸ்ட். நடுவில் நெட் போனால் அவ்வளவுதான், மறு டெஸ்ட் கிடையாது.

மூடிப்போன ஒரு கம்பெனியிலிருந்து கம்ப்யூட்டர் ஒன்று வாங்கியிருந்தாள். அதில் வை-ஃபை இல்லை, வயர்தான் போகும். என் போனுக்கோ ஷீட்டுக்குக் கீழே வந்தால் டவரே இருக்காது. முன்வீட்டு அம்மா, அதாவது ஐயங்காரின் மனைவி, டெஸ்ட் என்று கேட்டதும் வை-ஃபை பாஸ்வேர்டைக் காலண்டர் தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். அதைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோக வழிதான் இல்லை.

"இத்தினியூண்டு டப்பாவா அத்த இஸ்துக்கினு வரும்?" என்றாள் அக்கா.

"வரும் இரு."

"உன்னிய நம்பித்தான் நைனா உக்காந்துகினு இருக்கேன். நாளன்னிக்கு டெஸ்ட்டு. நெறஞ்ச அமாவாசை, நல்ல நாளாச்சேன்னு நானே தேதி குடுத்தேன்."

ஊக்கால் பின்பக்க ஓட்டையை அழுத்தி ரௌட்டரின் பழைய நினைவையெல்லாம் அழித்தேன். பிறகு வயரைக் கம்ப்யூட்டரில் செருகி அதன் பக்கத்தைத் திறந்தேன். முதல் நாள் வேலை செய்யவில்லை. முன்வீட்டு ரௌட்டருக்கும் இதற்கும் ஒரே எண், ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் போட்டதுபோல. டவருக்காக வெளியே வந்து ஒடிசாக்காரனுக்குப் போன் போட்டேன். நைட் ஷிப்டு முடிந்து தூங்கிக்கொண்டிருந்தவன் எழுந்து சொன்னான்: "கடைசி நம்பர் மாத்து. அப்புறம் இது யாருக்கும் நம்பர் குடுக்கக் கூடாது, அந்த டிக் எடு. பெரிய ரௌட்டர் குடுக்கும்." மாற்றினேன். பிரிட்ஜ் என்ற இடத்தை அழுத்தி, முன்வீட்டுப் பெயரைத் தேடி, காலண்டர் தாளில் இருந்ததை ஒவ்வோர் எழுத்தாக அடித்தேன். ரௌட்டரைப் பீரோவுக்குப் பின்னாலிருந்து எடுத்து, சுவரின் மேல் காற்றுப்போக்கியில் கயிற்றால் கட்டியதும் பச்சை விளக்கு நின்று எரிந்தது. அக்கா பயிற்சிப் பக்கத்தைத் திறந்து ஒரு மணி நேரம் தட்டினாள். ஒருமுறைகூட அறுபடவில்லை. முதுகு எரிச்சலோடு தரையில் படுத்துக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டேன்.

அமாவாசையன்று எட்டரை மணிக்குக் கம்ப்யூட்டரைப் போட்டால் நெட் இல்லை.

நான் செய்த தப்பு, உடனே ரௌட்டரைச் சந்தேகப்பட்டது. ஊக்கை எடுத்து மறுபடி எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். முதலிலிருந்து ஆரம்பித்து, வை-ஃபை பெயர்களைத் தேடும் இடத்துக்கு வந்தபோது மணி ஒன்பதே கால். பக்கத்து வீடு, எதிர்வீடு எல்லாம் வந்தது. முன்வீட்டின் பெயர் மட்டும் வரவில்லை.

அக்கா காதைச் சாய்த்துக் கேட்டாள். "முன்னாடி ஊட்ல ஃபேன் சத்தமே இல்லியேடா." பிறகு தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ, அமாவாசை! ரெண்டு பேரும் விடியக்காத்தாலயே கோயிலுக்குப் போயிருப்பாங்க. மெயினை எறக்கிட்டுத்தான் போவாங்க."

ஒருமுறை ஆளில்லாதபோது மோட்டார் வயர் புகைந்து பூஜை அறை வரை கரி பிடித்ததாம். அன்றிலிருந்து வீட்டைப் பூட்டினால் மெயின் சுவிட்சையும் இறக்கிவிடுவார்கள். எங்களுக்குத் தனி மீட்டர் என்பதால் எங்கள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மூன்று வருடம் அங்கே இருந்தும் நல்ல நாள் பார்த்த அவசரத்தில் அக்காவுக்கு இது தோன்றவில்லை.

ஓடினேன். நேர்த்திக்கடனுக்காகக் கோயில் குளத்தில் வெல்லம் கரைக்க வந்த கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. படிக்கட்டில் தர்ப்பணம் செய்கிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் வீட்டுக்காரர் ஈர வேட்டியோடு மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் ஒரு வரி சொல்ல, அவர்கள் திருப்பிச் சொன்னார்கள். நடுவில் நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்பனுக்கும் தாத்தனுக்கும் எள்ளும் தண்ணீரும் விடுகிறவர்களிடம் நெட் இல்லை என்று எப்படிச் சொல்வது? மூன்று படி மேலே நின்று, இரண்டு கைகளாலும் டைப் அடிப்பதுபோலக் காட்டினேன். பிறகு சுவிட்சைத் தூக்குவதுபோலக் காட்டினேன். பக்கத்திலிருந்த பெண்மணி என்னைப் பைத்தியம் என்று நினைத்து நகர்ந்துகொண்டார்.

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். மந்திரம் நிற்கவில்லை. அடுத்த வரியைச் சொல்லிக்கொண்டே இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்துப் படியில் வைத்தார். போ என்று தாடையால் காட்டினார்.

மூன்று வருடத்தில் அக்கா அந்த வீட்டின் முன்வாசலைத் தாண்டியதில்லை. வாடகையைக்கூடப் பின்கதவில்தான் கொடுப்பாள். நான் வந்து இரண்டு நாள்தான் ஆகிறது. அவருக்கு என்னைப் பற்றித் தெரிந்ததெல்லாம், எங்கேயும் நிற்காதவன் என்பது மட்டும். அந்தச் சாவியில் அவர் கைச்சூடு இருந்தது.

கேட்டுக்கு வெளியே செருப்பை விட்டு, பூட்டைத் திறந்து, மெயினைத் தூக்கியபோது ஒன்பது நாற்பது. கூடத்தில் ஃபேன் சுற்றியது. பின்னால் ஓடிப்போய்ப் பாஸ்வேர்டை அடித்தேன். ஒரு தரம் விரல் தப்பிப்போனது, இரண்டாம் தரம் ஏற்றுக்கொண்டது. ஒன்பது ஐம்பத்தைந்துக்குப் பச்சை விளக்கு.

"போடா, பக்கத்துல நிக்காத. நீ பாத்தா எழுத்து தப்பும்," என்றாள் அக்கா.

நான் முன்வீட்டுக்குப் போய் மெயின் சுவிட்சுக்குக் கீழே தரையில் உட்கார்ந்துகொண்டேன். ஆளில்லாத வீட்டில் கரண்டு ஓடக் கூடாது என்பது அவர்கள் கணக்கு. ஆள் இருந்தால் சரிதானே? புகை வருகிறதா என்று மோந்து பார்த்தபடியே இருந்தேன். ஏலக்காய், கற்பூர வாசனைதான் வந்தது. பின்பக்கமிருந்து கீபோர்டுச் சத்தம் மெதுவாகக் கேட்டது. பதினொன்றுக்கு நின்றது.

மத்தியானம் வீட்டுக்கார அம்மா வந்தபோதும் நான் அங்கேயே இருந்தேன்.

"ஏம்ப்பா, நாற்காலி இருக்கே, தரையிலயா உக்காண்டிருந்தே?" என்றார். பின்னால் வந்த வீட்டுக்காரர், "எழுதிட்டாளா?" என்று கேட்டார்.

"எழுதிட்டாங்க சாமி."

"நல்லது. படியில நின்னுண்டு நீ காட்டின அபிநயத்துல எனக்கு மந்திரமே தப்பிப்போயிருக்கும்." சிரித்துவிட்டுச் சொன்னார்: "ஆளில்லாம மெயினை அணைக்காமப் போக எனக்கு மனசு வராது. அடுத்த அமாவாசைக்கும் இங்க வந்து உக்கார நீ இருப்பியோ?"

இருப்பேன் என்று யாருக்கும் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. தலையை ஆட்டிவைத்தேன்.

சாயங்காலம் ஆபீஸிலிருந்து அக்காவுக்குப் போன் வந்தது. திங்கட்கிழமையிலிருந்து வேலை, ஞாயிறு மட்டும் லீவு. அவள் எனக்கு இரண்டு முட்டை போட்டுத் தோசை வார்த்தாள். ஒடிசாக்காரனுக்குப் போன் செய்து சொன்னேன். "டப்பா திருப்பிக் குடுக்காதே," என்றான்.

மறுநாள் காலை காக்களூருக்கு நடந்துபோய், ஆள் தேவை என்று போர்டு வைத்திருந்த முதல் கம்பெனியில் நுழைந்தேன். மெஷினிலிருந்து வரும் பிளாஸ்டிக் மூடிகளின் பிசிரைக் கத்தியால் வெட்டி எடுக்கும் வேலை. சூப்பர்வைசர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா, ஒரு வாரத்துல ஓடிப்போற கேஸா நீ?"

"இல்ல சார். அமாவாசைக்கு மட்டும் லீவு வேணும்."

"பூசாரியா?"

"ஒரு ஊட்ல போய் உக்காரணும் சார்."

"உக்காரதுக்கு லீவா!" என்று சொல்லிவிட்டு, சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் புரட்டி அடுத்த அமாவாசையைப் பேனாவால் வட்டமிட்டார். பிறகு ஒரு கத்தியை எடுத்துக் கொடுத்து, மூன்றாவது மெஷினைக் காட்டினார்.