படத்தில் இருந்த படகு

பழவேற்காட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் இயற்கை, வனவிலங்குக் கண்காட்சி நடந்தபோது தன்னார்வலனாகப் போயிருந்தேன். நான் பொன்னேரியில் மருந்துக்கடை வைத்திருப்பவன். ஞாயிற்றுக்கிழமையானால் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏரிக்குக் கிளம்பிவிடுவேன். கண்காட்சியில் சட்டையில் குத்திக்கொள்ள 'இயற்கை ஆர்வலர்' என்று ஒரு பேட்ஜ் கொடுத்தார்கள். அன்று காலையில் மட்டும் மூன்று தடவை அதை நேராக்கிக்கொண்டேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

என் பங்குக்கு ஒரு பெரிய படம் வைத்திருந்தேன். பூநாரைக் கூட்டம் ஒன்று மொத்தமாக எழும்புகிறது. கீழே ஒரு நீலப் படகு, அதில் கழி ஊன்றி நிற்கும் ஒருவர். 'படகுகளால் கலையும் பூநாரைகள்' என்று தலைப்பு. அடியில் இடம், தேதி, நேரம் எல்லாம் குண்டு எழுத்தில் எழுதியிருந்தேன். தேதி இல்லாத படம் வெறும் காலண்டர் படம் என்று மற்றவர்களிடம் அலட்டிக்கொள்கிறவன் நான்.

பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். இரை தேடுகிற பறவைக்குக் கிட்டே போகவே கூடாது, வெகுதூரம் பறந்து வந்த களைப்பில் இருக்கும், விரட்டுவது பாவம் என்று ஒவ்வொரு வகுப்புக்கும் ஒப்பித்தேன். பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த வனத்துறை அதிகாரி, படம் பிரமாதம் என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அந்தப் படத்தை எடுத்த விதத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. படகில் நிற்பவர் இரண்டு வருடமாக என்னை ஏரிக்குள் அழைத்துப்போகிறவர். அன்று பூநாரைகள் தலையைத் தண்ணீருக்குள் விட்டபடி மேய்ந்துகொண்டே இருந்தன. மேய்கிற பறவையின் படம் என்னிடம் நிறைய இருந்தது. எனக்குப் பறக்கிற பறவை வேண்டும். மணல் திட்டில் இறங்கிக்கொண்டு, படகை அவற்றின் பக்கம் தள்ளச் சொன்னேன். அவர் தயங்கினார்.

"அங்க இன்னிக்கி வேற ஊரு பாடு சார். நம்ம படகு போவக்கூடாது."

ஏரியில் இறால் நன்றாகப் படும் இடங்களில் ஊர்கள் முறை வைத்துத்தான் வலை போடுகின்றன. அந்த முறைக்குப் பாடு என்று பெயர். ஒரு ஊரின் பாடு நாளில் அடுத்த ஊர்ப் படகு அந்தப் பக்கம் தலைகாட்டாது. எனக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்தேதான், "மீன் பிடிக்கவா போறீங்க? ரெண்டே நிமிஷம்," என்றேன். முகதாட்சண்யத்துக்காகப் போனார். படகில் அவருடைய வலை சுருட்டிக் கிடந்தது. அதுவும் படத்தில் தெளிவாக விழுந்திருந்தது.

மதியம் அவர் தன் மனைவியோடு மண்டபத்துக்கு வந்தார். உங்கள் படகு படத்தில் வருகிறது, வந்து பாருங்கள் என்று கூப்பிட்டவனே நான்தான். அந்த அம்மா விசேஷத்துக்குக் கட்டும் புடவையில் வந்திருந்தார். அவர்கள் வரும்போது பக்கத்து ஊர்க்காரர்கள் இரண்டு பேர் படத்துக்கு முன்னால் நின்றிருந்தார்கள். அவர்கள் பறவைகளைப் பார்க்கவில்லை. அடியில் இருந்த தேதியில் விரலை வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒருவர் திரும்பிப் படகுக்காரரிடமே கேட்டார். "அன்னிக்கி அது எங்க பாடாச்சே. நீ இன்னாத்துக்கு வலையோட அங்க போன?"

"வலையப் போடல. சாருதான் போட்டோவுக்குப் போவச் சொன்னாரு. இதோ கீறாரே, கேட்டுக்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அதிகாரி பார்த்தார். பிள்ளைகள் பார்த்தார்கள். ஆமாம் என்று ஒரு சொல் போதும். சொன்னால், பறவையை விரட்டச் சொன்னது நானே என்று அம்பலமாகும். படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோவில் என்பது எனக்கென்றே சொல்லிவைத்த பழமொழி.

"எனக்குச் சரியா ஞாபகம் இல்லயே," என்றேன்.

படகுக்காரர் என்னை ஒரு முறை பார்த்தார், அவ்வளவுதான். அந்த அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை, புருஷனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இருவரும் வெளியே போனார்கள். நான் அடுத்த வகுப்புக்கு விளக்கம் சொன்னேன். ஆமாம், அதையும் செய்தேன்.

இரண்டு ஊர்ப் பெரியவர்களும் கூடிப் பேசி, அந்தப் பருவம் முழுக்க, சொந்த ஊர் முறையில்கூட, படகுக்காரருக்குப் பாடு கிடையாது என்று முடிவு செய்துவிட்டார்கள். இறால் நன்றாகப் பட்டுக்கொண்டிருந்த சமயம் அது. என் கடைக்கு மருந்து வாங்க வந்த ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. மறுநாள் கடையைத் திறக்காமல் கிளம்பினேன். முதலில் அதிகாரியிடம் உண்மையைச் சொல்லி, பேட்ஜைத் திருப்பிக் கொடுத்தேன். பிறகு இரண்டு ஊருக்கும் போய்ப் பெரியவர்கள் முன்னால் நின்று சொன்னேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன். யாரும் திட்டவில்லை. அவருடைய பாட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்குள் இரண்டு பாடு கைவிட்டுப் போயிருந்தது.

அவர் வீட்டுக்குப் போனபோது அவர் இல்லை, ஏரிக்குப் போயிருந்தார். அந்த அம்மா வாசலில் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். தப்பு முழுக்க என் மேல்தான் என்றும், பாடு திரும்பக் கிடைத்துவிட்டது என்றும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இன்னும் நாலைந்து கருவாட்டைப் புரட்டினார்.

"பாடு கெடச்சிடும் சார்," என்றார். "ஊரு நம்பலன்னாகூடப் பரவால்ல. நானே நம்பல. படிச்சவரு, அவரு எதுக்குப் பொய் சொல்லப்போறாரு, நீதான் சொல்றன்னு பசங்க எதிர்லயே கேட்டுட்டேன். துண்ணுகினு இருந்தவரு அப்படியே கைய கழுவிட்டு எழுந்து போயிட்டாரு."